செலேரியோ: 26.68-ஐ நம்பி வாங்கியவர்கள் கவனத்துக்கு

மாருதி செலேரியோ வாங்கும் பலர் மனதில் இருப்பது ஒரே எண்தான்: லிட்டருக்கு 26.68 கிலோமீட்டர். 2021 நவம்பரில் இரண்டாம் தலைமுறை வண்டி வந்தபோது விஎக்ஸ்ஐ ஏஜிஎஸ் (கிளட்ச் மிதி இல்லாமல் தானாகக் கியர் மாறும்) மாடலுக்கு, வாகனச் சோதனை அமைப்பான ஏஆர்ஏஐ-யின் சோதனையில் கிடைத்தது அது. வண்டி வீட்டுக்கு வந்து முதல் டேங்க் தீரும்போது, ஊருக்குள்ளேயே ஓட்டியவருக்கு 16, 17 தான் வந்திருக்கும். உடனே ஷோரூமுக்கு போன் போடுவார். பெரும்பாலும் கோளாறு ஒன்றும் இருக்காது. அந்த எண் எப்படி வந்தது, அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சின்ன வண்டியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது பிடிபட்டுவிடும்.

சோதனை ரோட்டில் நடப்பதில்லை. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். சராசரி முப்பத்துச் சொச்சம். எதிர்க்காற்று கிடையாது, ஸ்பீடு பிரேக்கர் கிடையாது, டிக்கியில் அரிசி மூட்டையும் கிடையாது. இதோடு இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கலவையில் ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைவு. எந்த இன்ஜினாலும் அதை முழுக்க ஈடுகட்ட முடியாது. இதையெல்லாம் கழித்தால் ஊருக்குள் ஏசியோடு 16 முதல் 18, பைபாஸில் 80-ல் நிதானமாகப் போனால் 23 முதல் 25. இந்த எல்லைக்குள் வந்தால் வண்டி சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 14-க்குக் கீழே இறங்கினால் மட்டும் தேட ஆரம்பியுங்கள்: டயரில் காற்று, முழுதாக இறக்காத ஹேண்ட் பிரேக், உரசும் பின்பக்க டிரம் பிரேக். அதற்கும் முன்னால், தினம் இரண்டு கிலோமீட்டர் கடைக்குப் போய் வருவதுதான் ஓட்டமா என்று பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் சூடாகும்வரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். அந்த ஓட்டத்தில் 12, 13 வந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

மைலேஜை டிஸ்ப்ளேவில் வரும் சராசரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது இன்ஜெக்டர் திறந்த நேரத்தை வைத்துப் போடும் கணக்கு. பொதுவாகக் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். சரியான முறை டேங்க் டு டேங்க். ஒரே பங்க், முடிந்தால் அதே முனை, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முன்னூறு, நானூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் மறுபடி ஆட்டோ கட் வரை. 380 கிலோமீட்டருக்கு 20.5 லிட்டர் பிடித்தால் 18.5. ஒரு டேங்கை மட்டும் நம்பாமல் மூன்று டேங்கின் கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆட்டோ கட்டுக்குப் பிறகு "ரவுண்ட் பண்ணிக்கலாமா சார்" என்று பங்க் பையன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்துவரை ஊற்றும்போது, ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டருக்குள் பெட்ரோலே இறங்கிவிடும். கேனிஸ்டர் நனைந்தால் ஸ்டார்ட் ஆகத் தகராறு, ஐடிலில் நடுக்கம், இன்ஜின் விளக்கு எல்லாம் வரும். டேங்க் 32 லிட்டர்தான். கடைசிச் சொட்டுவரை நிரப்பி ஆகப் போவது ஒன்றுமில்லை.

இந்த வண்டியின் சிக்கனத்தில் பாதி இன்ஜினால் வருவது, பாதி எடையால் வருவது. இன்ஜின் கே10சி: 998 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர். 5,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் சுற்று) 67 பிஎஸ் சக்தி, 3,500-ல் 89 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. எடை மாடலைப் பொறுத்து 800 கிலோவிலிருந்து 825 கிலோ வரை. இதில் நான்கு பெரியவர்கள் ஏறினால் சுலபமாக 260, 280 கிலோ கூடிவிடும், அதாவது வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஒருவர் மட்டும் ஓட்டும்போது துள்ளிக்கொண்டு போகும் அதே வண்டி, வீட்டோடு ஏறினால் மூச்சு வாங்கும். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போய்விட்டு வந்து வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டில் எல்லோரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலத்தின் அடியில் நிறுத்தி மேலே ஏற்றிப் பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பேரோடு போனால் பெரும்பாலும் இரண்டாம் கியர்தான், சில வளைவுகளில் முதல் கியருக்கே இறங்க வேண்டும். ஏசியை அணைத்தால் வித்தியாசம் அப்போதே தெரியும்.

மேனுவல் வண்டியில் புதிதாக வாங்கியவர்கள் அதிகம் செய்யும் தவறு, மைலேஜ் ஆசையில் சீக்கிரமே மேல் கியருக்குப் போவது. நாற்பதில் ஐந்தாம் கியர் போட்டால் இன்ஜின் திணறும். கியர் லீவரும் ஸ்டீரிங்கும் தடதடக்கும். மூன்று சிலிண்டருக்கு இயல்பாகவே உள்ள அதிர்வு 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே சுமை ஏறும்போது இன்னும் கூடுகிறது. அந்த நிலையில் வேகம் எடுக்க ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்தது எல்லாம் அதிலேயே போய்விடும். சமதளத்தில் 15-ஐத் தாண்டி இரண்டு, 30-ல் மூன்று, 45-ல் நான்கு, 55, 60-க்கு மேல் ஐந்து என்பது இந்த இன்ஜினுக்குப் பொருந்தும். ஏற்றத்தில் இன்னும் தள்ளிப் போடலாம். நெடுஞ்சாலையில் 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் தடை 56 சதவீதம் கூடும். இந்தப் பெட்டி வடிவத்துக்கும் சின்ன இன்ஜினுக்கும் அது பெரிய சுமை. சென்னை–திருச்சி போன்ற தூரத்தில் 100-ல் போய் மிச்சமாகும் நேரம் ஒரு காபிக் கடையில் கரைந்துவிடும். பெட்ரோல் மட்டும் திரும்பி வராது.

ஏஜிஎஸ் வாங்கியவர்கள் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது, இது உண்மையான ஆட்டோமேட்டிக் இல்லை. இந்தியாவுக்கு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே 2014-ல் வந்த முதல் தலைமுறை செலேரியோதான். உள்ளே இருப்பது அதே ஐந்து கியர் மேனுவல் பெட்டி, அதே ஒற்றைக் கிளட்ச். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி. கியர் மாறும் அந்த நொடியில் இழுவை அறுந்து தலை முன்னால் ஆடும், குறிப்பாக மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில். இதற்கு மருந்து காலில்தான் இருக்கிறது. மாறப்போகும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்தி, மாறியதும் திரும்ப மிதியுங்கள். ஒரு வாரத்தில் கால் தானாகப் பழகிவிடும். ஓவர்டேக்குக்கு முன்பாகவும் மலையிலும் லீவரை ‘எம்’ (மேனுவல்) பக்கம் தள்ளி நீங்களே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். வண்டியே முடிவு செய்யட்டும் என்று விட்டால் எதிரில் லாரி வரும்போது யோசித்துக்கொண்டிருக்கும்.

ஏஜிஎஸ்ஸைக் கெடுப்பது இரண்டு பழக்கம். ஒன்று, ஏற்றத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது. கிளட்ச் பாதி பிடித்தபடியே தேயும். கருகிய வாடை வந்தால் அதுதான். பிரேக்கிலோ ஹேண்ட் பிரேக்கிலோ நில்லுங்கள். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் வசதி சில நொடிகளுக்குத்தான் பிடிக்கும், அதை நம்பி நிற்க முடியாது. இன்னொன்று, நெரிசலில் முன்வண்டி அரை அடி நகர்ந்தால் நாமும் அரை அடி நகர்வது. பிரேக்கை விட்டதும் தானாக ஊர்ந்து போகும் வசதிக்கும் கிளட்ச்தான் உராய்கிறது. முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழட்டும், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். நடுவில் ஆட்டோ நுழையும், நுழையட்டும். இந்தப் பெட்டியில் ‘பி’ (பார்க்கிங்) என்ற நிலை கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது லீவரைக் கியரில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். மறுபடி ஸ்டார்ட் செய்ய பிரேக்கை மிதித்து ‘என்’ (நியூட்ரல்) நிலைக்குக் கொண்டுவர வேண்டும். புதிதாக ஓட்டுபவர் "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று அலறுவது பாதி நேரம் இதனால்தான்.

அடுத்தது சிக்னலில் தானாக அணையும் ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப். மேனுவலில் நின்று, நியூட்ரலுக்குப் போட்டு, கிளட்சை விட்டால் இன்ஜின் அணையும். கிளட்சை மிதித்தால் உயிர் வரும். ஏஜிஎஸ்ஸில் பிரேக்கை அழுத்தி முழுதாக நின்றால் அணையும், பிரேக்கை விட்டால் ஓடும். பலர் முதல் நாளே இதைப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த முறை வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அது திரும்ப வந்து நிற்பதால் எரிச்சல் வேறு. அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னல்களில் இது உண்மையிலேயே மிச்சப்படுத்தும். விட்டு விட்டு நகரும் நெரிசலில் மட்டும் அணைத்து வையுங்கள். சில நேரம் இது வேலையே செய்யாது, அதுவும் கோளாறில்லை: இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, பேட்டரியில் சார்ஜ் குறைவு, சீட் பெல்ட் போடவில்லை, ஏசி இன்னும் குளிர்ந்து முடியவில்லை என்றால் இன்ஜின் அணைய மறுக்கும். ஏசி கம்ப்ரசரை இன்ஜின்தான் சுழற்றுகிறது. இன்ஜின் நின்றால் புளோயர் மட்டுமே ஓடி, கொஞ்ச நேரத்தில் சூடான காற்று வரும். மே மாதத்துச் சென்னையில் இந்த வசதி கிட்டத்தட்ட விடுமுறையில் போய்விடும்.

இதில் பின்னால் செலவு வைக்கும் விஷயம் பேட்டரி. ஒரு நாளில் பல முறை ஸ்டார்ட் ஆவதைத் தாங்க, வழக்கமான பேட்டரியைவிட உறுதியான ரகத்தைப் போட்டிருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து மாற்றும்போது பேட்டரிக் கடையில் விலை குறைவான சாதாரண ரகத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும்தான், ஆனால் அது சீக்கிரம் படுத்துவிடும். பழைய பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் ரகக் குறியீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அதையே கேளுங்கள்.

எடை குறைந்ததால் கிடைப்பவை மட்டுமல்ல, இழப்பவையும் உண்டு. கதவைச் சாத்தினால் தகரச் சத்தம். மழையில் கூரை முழங்கும். அறுபதுக்கு மேல் டயர் சத்தமும் எண்பதுக்கு மேல் காற்றுச் சத்தமும் உள்ளே வந்துவிடும். காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் உணர்வார்கள்: காற்றாலைகள் சுற்றும் அந்தத் திறந்த வெளியில் பக்கவாட்டுக் காற்று வண்டியை ஒரு முழம் தள்ளும். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தை 70-க்குள் வைத்து, லாரியைத் தாண்டும்போது காற்று சட்டென நின்று திரும்ப அடிக்கும் என்பதை எதிர்பார்த்து ஓட்ட வேண்டும். டயர் காற்றுக்கு ஆளுக்கு ஒரு அளவு சொல்வார்கள். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை மட்டும் பின்பற்றுங்கள், அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது. "நல்லா அடிச்சா மைலேஜ் வரும்" என்று கூட்டி அடித்தால் இந்த எடைக்கு வண்டி குதிக்கும், ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

உள்ளே முன்சீட்டுக்காரர்களுக்கு வசதிதான். பின்னால் இரண்டு பேர் நிம்மதி. 1,655 மில்லிமீட்டர் அகல வண்டியில் மூன்றாவது ஆள் என்பது பக்கத்து ஊர்வரைதான். ஏசி வென்ட் பின்னால் கிடையாது. டிக்கி 313 லிட்டர், இந்த அளவு வண்டிக்கு அது தாராளம். ஆனால் விளிம்பு உயரம், கனமான பெட்டியைத் தூக்கிப் போட வேண்டும். முன் ஜன்னல்களின் பொத்தான் கதவில் இல்லை, நடுவில் இருக்கிறது. டோல்கேட்டில் முதல் சில தடவை கை கதவைத்தான் தடவும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: 2025-லிருந்து எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது, நல்லது. ஆனால் இதே ஹார்டெக்ட் அடித்தளத்தில் வரும் ஆல்டோ கே10-க்கும் வேகன்-ஆருக்கும் 2023-ல் குளோபல் என்கேப் அமைப்பு கார்களை மோதவிட்டுப் பார்த்த சோதனையில் பெரியவர் பாதுகாப்பில் கிடைத்தது முறையே இரண்டு நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும். குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுக்கும் பூஜ்யம். அவை இரண்டு ஏர்பேக் வைத்துச் சோதித்த வண்டிகள். ஏர்பேக் கூடியதால் மட்டும் உடற்கூட்டின் பலம் கூடிவிடாது. இரவில் நெடுஞ்சாலையிலேயே வாழ்பவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

எந்த மாடல்? 14 அங்குலச் சக்கரம் வரும் விஎக்ஸ்ஐ. டயர் 165/70, பக்கச் சுவர் உயரம் சுமார் 115 மில்லிமீட்டர். இசட்எக்ஸ்ஐ பிளஸ்ஸில் 15 அங்குல அலாயும் 175/60 டயரும். அங்கே சுவர் 105 மில்லிமீட்டர்தான். நம் ஊர்ப் பள்ளத்துக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் முக்கியம். ஏஆர்ஏஐ கணக்கிலேயே ஏஜிஎஸ்ஸில் இசட்எக்ஸ்ஐ பிளஸ்ஸுக்கு 26.00, விஎக்ஸ்ஐ-க்கு 26.68. மேனுவல் விஎக்ஸ்ஐ 25.24. சிஎன்ஜி மாடல் 2022-ல் வந்தபோது கிலோவுக்கு 35.60 என்று சொன்னார்கள், தினம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு லாபமே. ஆனால் 60 லிட்டர் சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும், சக்தி 57 பிஎஸ்ஸாகக் குறையும், சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். உங்கள் ஊர் சிஎன்ஜி பங்க்கில் காலையில் எவ்வளவு வரிசை நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மைலேஜுக்காகவே வாங்குகிறவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 கொடுக்கும் வண்டிக்கு 60,000 ரூபாய். 16 கொடுக்கும் வண்டிக்கு 75,000. வித்தியாசம் 15,000. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் அது 7,500 ஆகிவிடும். அந்த அளவுக்கு மைலேஜை மட்டும் பார்த்து இடவசதியையும் பலத்தையும் விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18-ஆக இறங்கியது செலேரியோவுக்கு நல்ல காலம். ஆன்ரோடு விலையில் பேரம் பேச வேண்டிய இடம் இன்சூரன்ஸ். மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், ஆனால் அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வெளியே ஒரு விலை கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள், பல ஆயிரம் இறங்கும். ஆக்சசரீஸ் பேக்கேஜ், டெஃப்லான், அடிப்பாகப் பூச்சு எல்லாம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மேட்டும் மட் ஃபிளாப்பும் போதும்.

டெலிவரிக்கு முதல் நாள் பகல் வெளிச்சத்தில் போய் வண்டியைப் பாருங்கள். பதிவு ஆவதற்கு முன் என்றால் இன்னும் நல்லது, மாற்றிக் கேட்க முடியும். சேசிஸ் எண்ணைத் தாளோடு ஒப்பிடுங்கள்; தயாரித்த மாதமும் ஆண்டும் படிவம் 21-ல் இருக்கும். டயரின் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இருக்க வேண்டும். எல்லாக் கண்ணாடியும் ஒரே நிறுவன முத்திரையோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் யார்டில் உடைந்து மாற்றியதாக இருக்கலாம். ஜாக்கி, சக்கர ஸ்பேனர், இரண்டாவது சாவி கையில் வாங்கிய பிறகு கையெழுத்து.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாய்ச்சவும் வேண்டாம், உருட்டவும் வேண்டாம். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டினால் பிஸ்டன் வளையங்கள் நன்றாகப் படியும். ஆயிரத்தில் முதல் சர்வீஸ், 5,000-ல் இரண்டாவது, 10,000-ல் மூன்றாவது. மூன்றும் இலவசம் என்பது வேலைக்கூலிக்கு மட்டும்தான், எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் பில் வரும். 2024 ஜூலையிலிருந்து வாரண்டி மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், இதைக் காப்பாற்ற சர்வீஸ் தேதியைத் தவற விடக் கூடாது. எண்ணெய் விஷயத்தில் கையேட்டில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதுதான். "நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டியா ஊத்தலாம்" என்று வெளி மெக்கானிக் சொன்னால் கேட்காதீர்கள். மெல்லிய எண்ணெயை வைத்துத்தான் இந்த இன்ஜினின் இடைவெளிகளும் மைலேஜ் கணக்கும் அமைந்திருக்கின்றன. ஹெட்லைட் மங்கல் என்று அதிக வாட் பல்பு மாட்டினால் வயரிங் சூடேறும், வாரண்டியும் கேள்விக்குறியாகும். பேஸ்மென்ட்டிலோ தெருவோரமாகவோ நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து எலி எச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் வயரைக் கடித்துவிட்டால் அதை எல்லாக் காப்பீடும் ஏற்காது. பாலிசி எடுக்கும்போதே எலி கடித்த சேதத்துக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.